கருஞ்சிவப்பு இலைக் கல்வாழையை விதையிலிருந்து வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கைந்து வருடங்களாகக் கல்வாழை விதைகளை உறைக்குப் பத்து என்று போட்டு, கேட்பவர்களுக்கு அனுப்பி வருகிறேன். உறை போய்ச் சேர்ந்த மூன்றாம் வாரம் ஃபோன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இலை கருஞ்சிவப்பாக, பூ நெருப்பு நிறத்தில் நிற்கும் அந்தச் செடி ஒரு விதைக்குள்ளிருந்து வருவதைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்காக எழுதியது இது.

கல்வாழைன்னா எது? சாக்கடை ஓரமா நிக்குமே, அதுதானா?

அதேதான். குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் பாட்டிமார் நட்டுவைத்த செடி. அழுக்குத் தண்ணீரைக் குடித்து வளரும் குணம் அதற்கு இருப்பதால்தான் வேர்மண்டலக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இன்றும் அதை நடுகிறார்கள். நர்சரியில் 'கன்னா' என்றோ 'கேனா' என்றோ கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். வாழைக்கும் இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் தூரத்து உறவு. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். தாவரவியல் பெயரில் 'இண்டிகா' என்று இருப்பதைப் பார்த்து நம் ஊர்ச் செடி என்று நினைத்துவிட வேண்டாம்.

சாக்கடை ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் பச்சை இலையும் சின்னச் சிவப்புப் பூவும் உள்ள பழைய வகை. இங்கே நாம் பேசுவது செம்பு நிறத்திலிருந்து கறுத்த நாவல்பழ நிறம் வரை இலை உள்ள வகைகளைப் பற்றி. ஆரஞ்சுப் பூ பூக்கும் 'வயோமிங்', சிவப்புப் பூ பூக்கும் 'ஆஸ்திரேலியா', 'ரெட் கிங் ஹம்பர்ட்' எல்லாம் இந்தக் கூட்டம்.

நாட்டு மருந்துக் கடையில 'கல்வாழை விதை' கேட்டு வாங்கினேன். நீங்க சொன்ன மாதிரி உருண்டையா இல்லையே?

அது வேறு செடி. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைச் சரிவுகளில் வளரும் காட்டு வாழை ஒன்றுக்கும் கல்வாழை என்றுதான் பெயர். மருந்துக் கடைக்கு வருவது அதன் விதை. பெரிது, கோணல்மாணலாக, பழுப்புக் கறுப்பில் இருக்கும். அதைப் போட்டால், முளைக்கிற பட்சத்தில், உங்கள் மாடியில் ஒரு வாழைமரம் நிற்கும்.

நமக்கு வேண்டிய விதை மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, மழமழவென்ற கறுப்பு உருண்டை. சிமெண்ட் தரையில் போட்டால் கோலிக்குண்டு போலத் துள்ளி ஓடும். துப்பாக்கி ரவையைக் குறிக்கும் 'இண்டியன் ஷாட்' என்ற ஆங்கிலப் பெயர் அதற்கு வந்ததும் இதனால்தான். வாங்கும்போது பெயரை நம்பாமல் விதையைப் பார்த்து வாங்குங்கள்.

கிழங்கு வெச்சா ஒரு மாசத்துல தளதளன்னு வந்துடுது. எதுக்கு மெனக்கெட்டு விதை போடணும்?

குறிப்பிட்ட ஒரு பூ, அதே உயரம், அதே இலை வேண்டுமென்றால் கிழங்கே வையுங்கள். கிழங்கு தாய்ச்செடியின் அச்சுப் பிரதி. விதை அப்படி வராது.

நான் விதையை விரும்பக் காரணம் இரண்டு. கல்வாழையைத் தாக்கும் வைரஸ் நோய்கள் கிழங்கு வழியாகத்தான் வீடு வீடாகப் போகின்றன. பார்க்கத் திடமாக இருக்கும் கிழங்குக்குள்ளேயே நோய் இருக்கலாம். விதை வழியாக அது வருவது அரிது, அதனால் விதை நாற்று பெரும்பாலும் சுத்தமாகத் தொடங்குகிறது. இன்னொன்று, விதையில் வரும் ஒவ்வொரு செடியும் புதிது. பத்து நாற்றில் ஒன்று, இதுவரை எந்த நர்சரியிலும் பார்த்திராத கருமையோடு சுருள் விரித்து வரும். அந்த ஒன்றைப் பார்த்தவர்கள் அடுத்த வருடமும் விதை கேட்கிறார்கள்.

விதை போட்டு ரெண்டு மாசம் ஆச்சு, அசையவே இல்ல. செத்துடுச்சா?

சாகவில்லை. தண்ணீர் உள்ளே போகவில்லை. கல்வாழை விதையின் தோல் அவ்வளவு கெட்டி. ஈர மண்ணில் மாதக்கணக்கில் கிடந்தாலும் உள்ளே காய்ந்துதான் இருக்கும். மண்ணைக் கிளறி விதையை எடுத்துப் பாருங்கள், போட்ட அன்று இருந்த அதே அளவில் பளபளவென்று இருக்கும். கழுவித் துடைத்துவிட்டு அடுத்த பதிலில் உள்ளபடி உரசிப் போடுங்கள். நானும் முதல் வருடம் இருபது விதையைத் தக்காளி விதை போல அப்படியே ஊன்றிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. பிறகு அந்தத் தொட்டி மண்ணைச் சலித்து எடுத்த விதைகளை உரசிப் போட்டதில் பெரும்பாலானவை முளைத்தன.

இந்தக் கெட்டித்தன்மைக்கு ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் சாண்டா ரோசா டி டாஸ்டில் என்ற பழைய குடியிருப்பில், ஒரு கல்லறையிலிருந்து அக்ரூட் ஓட்டால் செய்த கிலுகிலுப்பை கிடைத்தது. உள்ளே சத்தத்துக்காகப் போட்டிருந்தது கல்வாழை விதை. அக்ரூட் காய் இளசாக இருக்கும்போதே விதையைச் செருகிவிட்டிருக்கிறார்கள், ஓடு வளர்ந்து மூடிக்கொண்டது. பழம்பொருளில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயது சொல்லும் முறையில் அந்த ஓட்டைச் சோதித்தபோது வயது ஏறக்குறைய 600 ஆண்டுகள். உள்ளே இருந்த விதை முளைத்தது. 1971இல் வெளியான ஆய்வு இது. உங்கள் இரண்டு மாதம் அதற்கு ஒரு கணக்கே இல்லை.

சரி, எப்படி உரசறது? எவ்வளவு உரசணும்?

ஃபோனில் நான் அதிக நேரம் பேசுவது இதைப் பற்றித்தான். வேலையும் இது ஒன்றுதான் இருக்கிறது, மற்றதைச் செடி பார்த்துக்கொள்ளும்.

விதையைக் கையில் உருட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் லேசான பள்ளமோ தழும்போ தெரியும். காயோடு ஒட்டியிருந்த இடம் அது. முளை அந்தப் பக்கத்திலிருந்து வரும், அங்கே கை வைக்க வேண்டாம். விதையை வழுக்காமல் பிடிக்க ஒரு சின்னக் குறடு போதும், தாடைகளில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். தழும்புக்கு எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளிலோ அரத்திலோ நகவெட்டியோடு வரும் சின்ன அரத்திலோ வைத்து உரசுங்கள். முதலில் கண்ணாடியைச் சுரண்டுவது போலக் கீச்சென்று வழுக்கும். பிறகு கறுப்பு மங்கி பழுப்பாகும், சத்தமும் மாறி மொரமொரவென்று கேட்கும். இன்னும் நான்கு இழுப்பில், அரிசிக்குறுணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். வெள்ளை தெரியாவிட்டால் தோல் இன்னும் உடையவில்லை. வெள்ளையைத் தோண்டினால் முளைக்கான சாப்பாட்டை நீங்களே அள்ளிப் போட்டதாகும்.

உரசியதை வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். தண்ணீர் உள்ளே போன விதை மறுநாள் காலையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பருத்து, தோல் வெடித்து நிற்கும். பருக்காதது இருந்தால் திரும்ப எடுத்து உரசுங்கள். கூட இரண்டு நாள் ஊறினாலும் தவறில்லை, தண்ணீரை மட்டும் தினமும் மாற்றுங்கள்.

இவ்வளவு எதுக்கு, கொதிக்கிற தண்ணியில போட்டா தோல் இளகாதா?

சிலது இளகும், சிலது வெந்துபோகும், சிலது இரண்டும் ஆகாமல் அப்படியே கிடக்கும். எது எப்படி ஆனது என்று வெளியிலிருந்து தெரியாது. ஆய்வகத்தில் அமிலத்தில் ஊறவைப்பதும் உண்டு, அதை வீட்டில் யாரும் முயல வேண்டாம். பத்து விதைக்கு உரசும் வேலை அரை மணி நேரம்கூட ஆகாது.

சுத்தியலால் லேசாகத் தட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். தெறித்து ஓடும், இல்லையென்றால் இரண்டாகப் பிளக்கும்.

எதுல விதைக்கணும், எந்த மாசம்?

குழித்தட்டு வேண்டாம். கல்வாழை வேர் முதல் வாரத்திலேயே நீளமாகக் கீழே இறங்கும், குழி போதாது. பெரிய பேப்பர் கப்பின் அடியில் துளையிட்டு, பாதி தேங்காய் நார்க்கழிவும் பாதி மண்புழு உரமும் நிரப்பி, அரை அங்குல ஆழத்தில் ஒரு விதை. கப்புக்கு ஒன்றுதான். ஈரம் காயக் கூடாது, தேங்கவும் கூடாது. 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும், அது நமக்கு வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் மூக்குத்தி போல ஒரு கூர் வெளியே வரும்.

சமவெளியில் தை, மாசி நல்லது, ஆடியும் நல்லது. கத்திரி வெயிலில் கப் ஒரே பகலில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாற்று அழுகும். நான்காவது இலை வந்ததும் பெரிய இடத்துக்கு மாற்றுங்கள். விதைத்ததிலிருந்து பூ வர மூன்று முதல் ஐந்து மாதம். பல்லாண்டுச் செடிக்கு இது பெரிய வேகம்.

முளைச்சதெல்லாம் பச்சையா இருக்கு. கருப்பு இலைன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?

இதைக் கேட்பவர்களின் குரலில் வருத்தம் தெரியும், எனக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். கரும் இலைத் தாயிடமிருந்து எடுத்த விதை என்றுதான் நான் உறையில் எழுதுகிறேன். தாய் கருப்பு என்பதால் பிள்ளைகள் எல்லாம் கருப்பாக வர வேண்டியதில்லை. இன்று விற்கும் கல்வாழைகள் பலமுறை கலந்த கலப்பினங்கள், அவற்றின் விதையில் பச்சை, செம்பு, பச்சையில் செங்கோடு, கருஞ்சிவப்பு என்று எல்லாம் வரும். என் அனுபவத்தில் நல்ல கருமை பாதியைத் தாண்டியதில்லை. அதனால்தான் மூன்று, நான்கு விதை போட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள், குறைந்தது பத்து விதை போடுங்கள் என்கிறேன்.

நல்ல விஷயம் என்னவென்றால், இதைத் தெரிந்துகொள்ளப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டாம். கருமை வரப்போகும் நாற்றில் மண்ணை விட்டு வரும் முதல் கூரே வெங்காயத்தோல் நிறத்தில் இருக்கும். இரண்டாம் இலையின் நடு நரம்பையும் அடித்தண்டையும் பாருங்கள், சிவப்பு ஓடியிருக்கும். இரண்டும் வெளிர்ப்பச்சை என்றால் அது பச்சைதான். பச்சை நாற்றுகளைத் தூக்கிப் போடாதீர்கள். குளியலறைத் தண்ணீர் போகும் இடம் எந்த வீட்டிலும் உண்டு.

கலப்பு குறைந்த பழைய செவ்விலை வகை கிடைத்தால் ஏமாற்றம் குறையும். பூ சின்னதாக, குறுகலாக இருக்கும், ஆனால் இலை நிறம் பெரும்பாலும் தாயைப் போலவே வருகிறது. விதைக் கம்பெனிகள் தரும் 'ட்ராபிகல் பிரான்ஸ் ஸ்கார்லெட்' போன்ற வகைகளும் உண்டு, உயரம் குறைவு, நிறம் சீராக வரும். விலை அதிகம்.

இலை கருப்பா வந்துடுச்சு. பூவும் அம்மா மாதிரியே வருமா?

மேலே இலைக்குச் சொன்னதுதான் பூவுக்கும். ஆரஞ்சுப் பூத் தாயின் விதையில் சிவப்பும் வரலாம், மஞ்சளும் வரலாம். பிடித்தது வந்தால் அதன்பின் அந்தச் செடியைக் கிழங்கு பிரித்துப் பெருக்குங்கள்.

ஒரே பூவில் பாதி மஞ்சள், பாதி சிவப்பு, இலையில் அங்கங்கே கரும்பட்டை என்று நிற்கும் 'கிளியோபாட்ரா'வின் விதை வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தச் செடியில் இரண்டு விதமான திசுக்கள் ஒட்டி வளர்கின்றன. விதை அதில் ஏதாவது ஒரு திசுவிலிருந்துதான் உருவாகும், அதனால் அந்தக் கோலம் விதையில் வராது. 'கிளியோபாட்ரா விதை' என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். கிழங்கு மட்டும்தான்.

எங்க வீட்டு கருப்பு இலைச் செடி பூத்துக் கொட்டுது, ஆனா ஒரு காய்கூட பிடிக்கல. உரம் பத்தலையா?

உரத்தில் குறையில்லை. பெரிய பூ பூக்கும் அழகு வகைகளில் பல மலட்டு வகைகள். சாதாரணக் கல்வாழையின் உயிரணுவில் 9, 9 என்று இரண்டு தொகுதியாக 18 குரோமோசோம்கள். சில அழகு வகைகளில் மூன்று தொகுதி, 27. விதை உண்டாகும்போது மூன்றைச் சமமாக இரண்டாகப் பிரிக்க முடியாமல் போகிறது, காய் நின்றுவிடுகிறது. நாம் சாப்பிடும் பெரும்பாலான வாழைப்பழங்களில் விதை இல்லாததற்கும் இது ஒரு காரணம். இந்தக் கணக்கை விரிவாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் நம் நாட்டவர்கள்: லக்னோவின் தேசியத் தாவரவியல் பூங்காவில் டி.என். கோஷூவும் உடன் ஆய்வாளரும் 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்ட தொடர் ஆய்வுகள் இன்றும் இதற்கு அடிப்படை.

ஆகவே விதைக்காகச் செடி வாங்கும்போது பூவின் அழகை மட்டும் பார்க்காதீர்கள். நர்சரியில் அந்தச் செடியின் பழைய பூத்தண்டில் முள்முள்ளாகப் பச்சைக் காய் தொங்குகிறதா என்று பாருங்கள்.

நானே ரெண்டு செடியைக் கலந்து விதை எடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் பூவைச் சரியாகப் படிக்க வேண்டும். நாம் இதழ் என்று நினைக்கும் பெரிய, நிறமுள்ள பாகங்கள் உண்மையில் மகரந்தத்தாள்கள், இதழ் வேடம் போட்டவை. நிஜமான இதழ்கள் அவற்றுக்கு வெளியே குறுகி, வெளிறிக் கிடக்கும். நடுவே இரண்டு நாக்குகள் தெரியும். ஒன்றின் ஓரத்தில் மட்டும் பாதி மகரந்தப்பை ஒட்டியிருக்கும், அதற்கு மகரந்தத்தாளில் பாதி வேலைதான் மிச்சம். மற்றது தட்டையான பட்டை போன்ற சூலகத்தண்டு.

மொட்டு விரிவதற்கு முன்பே மகரந்தம் அந்தத் தட்டைத் தண்டின் முகத்தில் அப்பிக்கொள்கிறது. அதிகாலையில் பூ விரிந்ததும் பார்த்தால், தண்டில் திருநீறு இழுத்தாற்போல் ஒரு வெள்ளைத் தீற்று தெரியும். அதைத் தீக்குச்சி முனையால் வழித்து, இன்னொரு செடிப் பூவின் சூலகத்தண்டு நுனியில், பிசுபிசுவென்று இருக்கும் விளிம்பில் தடவுங்கள். மகரந்தம் பெறும் பூவில் அதன் சொந்த மகரந்தத்தை முந்தின நாள் மாலையே, முதிர்ந்த மொட்டைப் பிரித்துத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பல செடிகள் தங்களுக்குத் தாங்களே காய் பிடித்துக்கொள்ளும். தடவிய பூவில் நூல் கட்டி, தேன்சிட்டு வராமல் மெல்லிய வலைத்துணி போடுங்கள். காய் பழுத்து, தோல் காகிதமாகி வெடிக்கும்போது உள்ளே கறுப்பாக இருந்தால் விதை தயார்.

போன மாசம் கருப்பா இருந்த இலை இப்ப பச்சையா மாறுது. ஏன்?

வெயில். இலையின் கருமை ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கிடைத்தால்தான் அது நிறையச் சேரும். நிழல்வலைக்குக் கீழே வைத்த செடி பிழைக்கும், ஆனால் நிறம் கரையும், பூவும் குறையும். நாற்றுப் பருவத்தில் நிழலில் இருந்து பச்சையாகத் தெரிந்த சில செடிகள் வெயிலுக்கு வந்ததும் கறுத்ததைப் பார்த்திருக்கிறேன், ஆகவே மேலே சொன்ன நாற்றுத் தேர்வையும் வெயிலில் வைத்தே செய்யுங்கள். அடியிலுள்ள வயதான இலை பச்சையாவது இயல்பு, அதற்குக் கவலை வேண்டாம்.

மாடித்தொட்டியில வருமா? தண்ணி நிறைய கேட்குமே.

வரும். ஓரடி அகலத்துக்குக் குறையாத தொட்டி, அல்லது அந்த அளவு வளர்ப்புப்பை. செம்மண், மக்கிய சாண எரு, நார்க்கழிவு மூன்றும் கலந்தது போதும். கோடையில் இருவேளை தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீரையும் காய்கறி அலசிய தண்ணீரையும் இதற்கே ஊற்றுங்கள். ஒரு தண்டு இரண்டு மூன்று முறை பூத்து ஓய்ந்ததும் அதை அடியோடு வெட்டிவிடுங்கள், பக்கத்தில் புதுத்தண்டு எழும். விதை வேண்டாத தொட்டியில் காயைக் கிள்ளிவிட்டால் பூ தொடரும்.

இலையில ஓட்டை, சுருட்டல், மஞ்சள் கோடு, எல்லாம் வருது. எதுக்கு என்ன செய்யணும்?

சுருட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கும். பிரித்து எடுத்து நசுக்குங்கள், மருந்து தேவைப்படாது. இலையின் கீழ்ப்பக்கம் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருந்தால் துருநோய். அந்த இலைகளை வெட்டி எரித்துவிட்டு, இனிமேல் தண்ணீரை இலைமேல் படாமல் அடியில் ஊற்றுங்கள்.

நரம்புகளை ஒட்டி மஞ்சள் கோடுகள் ஓடி, புது இலையும் அப்படியே வந்தால் வைரஸ். அதற்கு வைத்தியம் இல்லை. மனம் வராது, தெரியும், ஆனாலும் கிழங்கோடு பிடுங்கிக் குப்பையில் சேருங்கள். அதிலிருந்து ஒரு துண்டுகூட யாருக்கும் கொடுக்காதீர்கள், வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள். கரும் இலையில் மஞ்சள் கோடு லேசில் தெரியாது. வெயிலுக்கு எதிரே இலையைத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

வீட்ல நாயும் சின்னக் குழந்தையும் இருக்கு. விஷச்செடியா?

இல்லை. பெயரில் சிலர் 'லில்லி' சேர்ப்பதால் பூனைக்கு ஆகாத நிஜ லில்லியோடு குழப்பிக்கொள்கிறார்கள். கல்வாழை அந்தக் குடும்பமே அல்ல. குழந்தை விஷயத்தில் பயப்பட வேண்டியது விதையின் வடிவத்துக்கு: உருண்டை, வழுவழுப்பு, தொண்டையில் போய் அடைக்கும் அளவு. விதை உறையை எட்டாத இடத்தில் வையுங்கள்.

நான் ஊட்டியில இருக்கேன். குளிர் ஊருக்கு இதே மாதிரி வேற எதுவும் உண்டா?

டேலியா. வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1920களில் உருவான 'பிஷப் ஆஃப் லாண்டாஃப்' கரும் இலையும் சுடர்ச் சிவப்புப் பூவும் கொண்டது. அதன் வழிவந்த விதைக் கலவை 'பிஷப்ஸ் சில்ட்ரன்' என்ற பெயரில் கிடைக்கிறது. அந்த விதை மெல்லிய செதில் போன்றது, உரசவே வேண்டாம். லேசாக மண் தூவினால் போதும், விதைத்த வருடமே பூக்கும். இலைக் கருமைக்கும் பூ நிறத்துக்கும் கல்வாழைக்குச் சொன்ன அதே பத்து விதைக் கணக்குதான். நீலகிரி, கொடைக்கானலில் அருமையாக வரும். சமவெளி வெயிலில் கிழங்கு தாங்காது.

மீந்த விதையை எவ்வளவு நாள் வெச்சிருக்கலாம்?

600 வருடக் கதையை மேலே சொல்லிவிட்டேன். காய வைத்த விதையைக் காகித உறையில் போட்டு, தாய்ச்செடியின் இலை நிறம், பூ நிறம், எடுத்த மாதம் மூன்றையும் எழுதி வையுங்கள். ஃப்ரிட்ஜ் தேவையில்லை. உரசிய விதையை மட்டும் சேமிக்க முடியாது, அதை அன்றே ஊறவைக்க வேண்டும். நான் அனுப்பும் விதைகள் உரசாதவை.